ஐரோப்பிய ஒற்றைச் சந்தையும் கைத்தொழிலதிபர்களின் வட்டமேசையும்

பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைப்புப் பற்றி தெற்காசியாவில் நடைபெறுகின்ற கருத்தரங்குகள் ஐரோப்பாவை உதாரணம் காட்டாமல் முடிவடைவதில்லை. இரு உலகப் போர்களில் ஒருவரையொருவர் கொன்றொழித்த நாடுகள் எல்லைகளைத் திறந்துவிட்டு ஒரே சந்தையாக வாழமுடியுமென்றால் எம்மால் மாத்திரம் ஏன் முடியாது என்று பேச்சாளர்கள் கேட்பார்கள். ஷான் மொனே, ரொபேர்ட் சூமன், கொன்ராட் அடனோவர் என்று தீர்க்கதரிசிகளின் பெயர்கள் வரிசையாக வரும். சபையோர் கரகோஷம் செய்வார்கள். ஆனால், அந்த ஒற்றைச் சந்தையை உண்மையில் கேட்டவர்கள் யார், அதற்கான காலவரையறையை முதலில் எழுதியவர்கள் யார், கேட்டதில் எது கிடைத்தது, கேளாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விகள் அந்த மேடைகளில் எழுவது அரிது.

பெரிய கம்பனிகள் அரசாங்கங்களின் முடிவுகளில் செல்வாக்குச் செலுத்துகின்றன என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால், ஒரு கண்டத்தின் பொருளாதார எல்லைகளை மாற்றியமைக்கும் அளவுக்கு அவை ஒன்றுகூடிச் செயற்பட்டு, அந்தச் செயற்பாடு திகதிவாரியாகப் பதிவாகியிருக்கும் சந்தர்ப்பங்கள் மிகக்குறைவு. 1983 தொடக்கம் 1992 வரையான ஐரோப்பாவின் கதை அத்தகையது. அதை விரிவாக நோக்குவது எமக்குப் பயனுடையது என்று நினைக்கிறேன்.

தேங்கிப்போன சமூகம்

1957 ரோம் உடன்படிக்கையின் மூலம் ஆறு நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தை அமைத்தன. 1968 ஜூலையில் அவற்றுக்கிடையிலான சுங்கத் தீர்வைகள் முற்றாக நீக்கப்பட்டன. அத்துடன் பொதுச்சந்தை பூர்த்தியாகிவிட்டது என்றே பலரும் நினைத்தனர். ஆனால், தீர்வை போன இடத்தில் வேறு தடைகள் முளைத்தன. ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தொழில்நுட்பத் தரங்களையும் உணவுச் சட்டங்களையும் வைத்துக்கொண்டது. அரசாங்கக் கொள்வனவுகள் உள்நாட்டுக் கம்பனிகளுக்கே வழங்கப்பட்டன. வர்ண ஒளிபரப்பில் ஜேர்மனி பால் முறையையும் பிரான்ஸ் செக்காம் முறையையும் பின்பற்றியதால் தொலைக்காட்சிப் பெட்டிகளைக்கூட நாட்டுக்கொரு விதமாகத் தயாரிக்கவேண்டியிருந்தது.

லொறிச் சாரதிகளின் நிலைமை எல்லாவற்றையும் விட மோசமானது. பிரித்தானியாவுக்குள் 1,200 கிலோமீற்றர் தூரத்தை 36 மணித்தியாலங்களில் கடக்கும் லொறி, லண்டனிலிருந்து மிலான் வரையான அதேயளவு தூரத்தைக் கடக்க, கடற்பயணம் நீங்கலாக, 58 மணித்தியாலங்கள் எடுத்தது என்பது அக்காலத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு. மிகுதி நேரம் எல்லைகளில் பத்திரங்களுடன் காத்திருப்பதில் கழிந்தது. 1984 பெப்ரவரியில் அல்ப்ஸ் மலை எல்லையில் இத்தாலியச் சுங்க அதிகாரிகளின் தொழிற்சங்க நடவடிக்கையால் சிக்கிக்கொண்ட லொறிச் சாரதிகள் சினங்கொண்டு பிரான்ஸின் நெடுஞ்சாலைகளை மறித்தபோது அந்த நாடே ஸ்தம்பித்தது.

1973 எண்ணெய் விலை அதிர்ச்சிக்குப் பின்னர் வேலையின்மை பெருகியது. ஜப்பானிய மோட்டார் வாகனங்களும் இலத்திரனியல் பொருட்களும் சந்தையில் குவிந்தன. முக்கியமான தேசிய நலன் என்று ஒரு நாடு கூறினால் வாக்கெடுப்பைத் தவிர்ப்பது என்ற 1966 லக்சம்பேர்க் இணக்கப்பாட்டின் நிழலில் பிரசல்ஸில் எந்தத் தீர்மானமும் இலகுவில் நகரவில்லை. பொருளியலாளர்கள் இந்த நோய்க்கு 'யூரோஸ்கிளெரோசிஸ்' என்று பெயர் சூட்டினார்கள். இரத்தக்குழாய்கள் இறுகிப்போவதைப் போன்று ஐரோப்பா இறுகிவிட்டது என்பது அதன் பொருள்.

இந்த இறுக்கத்தில் முதல் உடைப்பை ஏற்படுத்தியது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. பிரான்ஸின் கசிஸ் என்ற பழமதுபானத்தில் அற்ககோலின் அளவு தனது சட்டம் கோருகின்ற 25 சதவீதத்தை விடக் குறைவானது என்று கூறி ஜேர்மனி அதன் இறக்குமதியைத் தடுத்தது. ஒரு நாட்டில் சட்டபூர்வமாகத் தயாரித்து விற்கப்படும் பொருளைத் தகுந்த காரணமின்றி இன்னொரு நாடு தடுக்கமுடியாது என்று 1979 பெப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தது ஏதோ ஒரு சிறிய மதுக்கடை அல்ல. ஜேர்மனியின் பெரிய சில்லறை வர்த்தகக் குழுமங்களில் ஒன்றான ரேவே என்பது குறிப்பிடத்தக்கது.

பாரிஸில் கூடிய பதினேழு பேர்

1983 ஏப்ரலில் சுவீடனின் வோல்வோ கம்பனியின் தலைவர் பெர் யிலன்ஹாமர் அழைத்த கூட்டம் ஒன்று பாரிஸில் நடைபெற்றது. பதினேழு கைத்தொழிலதிபர்கள் பங்கேற்ற அந்தக் கூட்டத்தில் ஐரோப்பியக் கைத்தொழிலதிபர்களின் வட்டமேசை என்ற அமைப்பு உருவானது. பிலிப்ஸ், ஃபியட், சீமன்ஸ், ஷெல், நெஸ்லே, ஐ.சி.ஐ. போன்ற கம்பனிகளின் தலைமைப்பீடங்களில் இருந்தவர்கள் அதன் ஆரம்ப உறுப்பினர்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு விநோதத்தைக் கவனிக்கவேண்டும். வோல்வோவின் தாயகமான சுவீடன் அன்று ஐரோப்பிய சமூகத்தில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. 1995 இல்தான் அது இணைந்தது. நெஸ்லேயின் சுவிட்சர்லாந்து இன்றுவரை இணையவில்லை. சமூகத்தில் அங்கம் வகிக்காத நாடுகளின் கம்பனிகள் அந்தச் சமூகத்தின் எதிர்காலத்தைத் திட்டமிடும் மேசையில் முதல் நாளிலேயே அமர்ந்திருந்தன. அரசுகளுக்கு இருந்த எல்லைகள் அவற்றுக்கு இருக்கவில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. ஐரோப்பிய ஆணைக்குழுவில் கைத்தொழில் துறைக்குப் பொறுப்பாக இருந்த பெல்ஜியத்தின் எட்டியன் டாவிஞ்ஞோன் இந்த முயற்சிக்கு ஆரம்பத்திலிருந்தே ஊக்கமளித்தார். அவரும் சக ஆணையாளரான பிரான்ஸுவா சேவியர் ஓர்ட்டோலியும் முதல் கூட்டத்தில் கலந்துகொண்டனர். அதாவது, கம்பனிகள் வந்து ஆணைக்குழுவின் கதவைத் தட்டின என்று மாத்திரம் கூறுவது பாதி உண்மையே. தேசிய அரசாங்கங்களை நகர்த்துவதற்குப் பலமான கூட்டாளி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த ஆணைக்குழு, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. பதவிக்காலம் முடிந்த பின்னர் ஓர்ட்டோலி பிரான்ஸின் டோட்டல் எண்ணெய்க் கம்பனியின் தலைவரானார். டாவிஞ்ஞோன் பெல்ஜியத்தின் மிகப்பெரிய முதலீட்டு நிறுவனமான சொசியேட்டே ஜெனரால் டி பெல்ஜிக்கில் இணைந்து, பின்னாளில் அதே வட்டமேசையின் உறுப்பினராகவும் அமர்ந்தார்.

அதுவரை கைத்தொழில்துறையின் குரலாக பிரசல்ஸில் ஒலித்தது தேசிய முதலாளிமார் சம்மேளனங்களின் கூட்டமைப்பே. அதில் பெரிய கம்பனிகளும் உண்டு, சிறியவையும் உண்டு. எல்லோருடைய சம்மதத்தையும் பெற்று ஒரு வாசகத்தை எழுதி முடிப்பதற்குள் விவகாரமே பழையதாகிவிடும். வட்டமேசையில் அந்தச் சிக்கல் இருக்கவில்லை. அழைப்பின் பேரில் மாத்திரமே உறுப்புரிமை. அதுவும் கம்பனியின் தலைவருக்கே. அவர்களால் தங்களது பிரதமரையோ ஜனாதிபதியையோ நேரடியாகச் சந்திக்க முடிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை வழங்குகின்ற ஒருவரின் தொலைபேசி அழைப்பை எந்தப் பிரதமரும் காத்திருக்க வைப்பதில்லை.

மூன்று நாள் இடைவெளி

1985 ஜனவரி 11 ஆம் திகதி பிலிப்ஸ் கம்பனியின் தலைவர் விஸ்ஸே டெக்கர் பிரசல்ஸில் ஒரு திட்டத்தை வெளியிட்டார். 'ஐரோப்பா 1990' என்பது அதன் பெயர். எல்லைச் சம்பிரதாயங்களை ஒழித்தல், அரசாங்கக் கொள்வனவுகளைச் சகலருக்கும் திறந்துவிடுதல், தொழில்நுட்பத் தரங்களை ஒன்றிணைத்தல், பெறுமதிசேர் வரி முறைகளை ஒத்திசையச் செய்தல் ஆகிய நான்கும் அதன் தூண்கள். ஐந்து வருடங்களில் இவற்றை நிறைவேற்றவேண்டும் என்று படிப்படியான காலஅட்டவணையும் இணைக்கப்பட்டிருந்தது. திட்டத்தின் பிரதிகள் அரசாங்கத் தலைவர்களுக்கும் அனுப்பப்பட்டன.

மூன்று நாட்கள் கழித்து, ஜனவரி 14 ஆம் திகதி, ஆணைக்குழுவின் தலைவராக அந்த மாதமே பதவியேற்றிருந்த ஜாக் டெலோர்ஸ் ஐரோப்பிய பாராளுமன்றத்தில் உரையாற்றினார். 1992 ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஐரோப்பாவின் உள் எல்லைகள் அனைத்தையும் நீக்குவதற்கு அவர் யோசனை முன்வைத்தார். பிரான்ஸின் நிதியமைச்சராக இருந்து பிரசல்ஸுக்கு வந்த சோசலிஸ்ட் அவர். பதவியேற்பதற்கு முன்னர் அங்கத்துவ நாடுகளின் தலைநகரங்களுக்குச் சென்று, பாதுகாப்பு, பொது நாணயம், நிறுவனச் சீர்திருத்தம், உள்ளகச் சந்தை என்று பல யோசனைகளை முன்வைத்து அபிப்பிராயம் கேட்டிருந்தார். பத்து நாடுகளும் இணங்கக்கூடியதாக இருந்தது சந்தை ஒன்று மாத்திரமே. அத்தகைய வேளையில் பெரிய கம்பனிகளே விபரமான பட்டியலுடன் முன்வந்தமை, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததைப் போன்றதாயிற்று.

அதன் பின்னர் காரியங்கள் வேகமாக நகர்ந்தன. பிரித்தானியாவின் மார்கரட் தாட்சர் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைத்த கொக்ஃபீல்ட் பிரபு ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 300 சட்ட நடவடிக்கைகளைப் பட்டியலிட்ட வெள்ளை அறிக்கையைத் தயாரித்தார். அம்மாத இறுதியில் மிலான் உச்சிமாநாடு அதை ஏற்றுக்கொண்டது. 1986 பெப்ரவரியில் தனி ஐரோப்பியச் சட்டம் கைச்சாத்தாகி 1987 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. எல்லைகளில் லொறிச் சாரதிகள் சுமந்து திரிந்த சுமார் 70 வகைப் படிவங்களுக்குப் பதிலாக 1988 ஜனவரியில் ஒரே படிவம் அறிமுகமானது.

வட்டமேசை அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. அரசாங்கங்கள் வாக்குறுதிகளை நிறைவேற்றுகின்றனவா என்பதைக் கண்காணிக்க 1986 இல் ஒரு குழுவை நியமித்தது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம், டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் பாலம், நாடுகளை ஊடறுக்கும் அதிவேக ரயில் பாதைகள் ஆகியவற்றை வலியுறுத்தி 1984 இல் அது வெளியிட்ட அறிக்கையும் வீண்போகவில்லை. கால்வாய்ச் சுரங்கம் 1994 இலும் ஒரசுண்ட் பாலம் 2000 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன.

யார் செய்தது?

கம்பனிகள் கேட்டன, அரசாங்கங்கள் கொடுத்தன என்று இதை எளிமையாக முடித்துவிடலாமா? ஆய்வாளர்கள் மத்தியில் இது குறித்து நீண்ட விவாதம் உண்டு. அமெரிக்க அறிஞர் அன்ட்ரூ மொராவ்சிக் 1991 இல் எழுதிய கட்டுரையில், பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய மூன்று வல்லரசுகளின் பொருளாதாரக் கொள்கைகள் ஒரே திசையில் திரும்பியமையே அடிப்படைக் காரணம் என்றும் கைத்தொழிலதிபர்களின் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்றும் வாதிட்டார். ஜனாதிபதி மித்தரான் 1983 மார்ச்சில் தனது இடதுசாரிப் பொருளாதாரப் பரிசோதனையைக் கைவிட்டிராவிட்டால், தாட்சரின் வரவுசெலவுத்திட்டப் பிணக்கு 1984 ஜூனில் ஃபொன்டன்புளோ உச்சிமாநாட்டில் தீர்க்கப்பட்டிராவிட்டால், டெக்கரின் திட்டம் அலுமாரியில் தூசு படிந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. மறுபுறத்தில், வேயின் சான்ட்ஹோல்ட்ஸ், ஜோன் சைஸ்மன், மரியா கிறீன் கௌல்ஸ் போன்றோர் ஆணைக்குழுவும் பெரிய கம்பனிகளும் அமைத்த கூட்டே அரசாங்கங்களை அசைத்தது என்கிறார்கள்.

இரு தரப்பிலும் உண்மை உண்டு என்பதே எனது அபிப்பிராயம். மித்தரானின் திருப்பத்தையோ தாட்சரின் தேர்தல் வெற்றிகளையோ வட்டமேசை உருவாக்கவில்லை. ஆனால், கதவு திறந்த தருணத்தில் கையில் தயாரான பட்டியலுடன் வாசலில் நின்றவர்கள் அவர்களே. எதை முதலில் செய்யவேண்டும், எந்தத் திகதிக்குள் செய்யவேண்டும், செய்யாவிட்டால் முதலீடுகள் எங்கு போகும் என்று சொன்னவர்களும் அவர்களே. ஆகவே, யார் செய்தது என்ற கேள்வியை விட, பட்டியலில் எது இருந்தது, எது இருக்கவில்லை என்ற கேள்வியே எனக்கு முக்கியமானதாகத் தோன்றுகிறது.

பந்திக்கு முந்தியவர்களும் பிந்தியவர்களும்

தனி ஐரோப்பியச் சட்டத்தின் இதயம் அது சேர்த்த ஒரு புதிய பிரிவு. 100ஏ என்பது அதன் இலக்கம். ஒற்றைச் சந்தைக்குத் தேவையான சட்டங்களை இனிமேல் ஏகமனதாக அன்றி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட வாக்குகளின் நிறையின்படி கணிக்கப்படும் பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்று அது கூறியது. ஒரு நாடு தனியாக நின்று தடுக்கும் காலம் முடிந்தது. ஆனால், அதே பிரிவின் இரண்டாவது பந்தி மூன்று விதிவிலக்குகளை வைத்தது. வரிகள், மனிதர்களின் நடமாட்டம், தொழிலாளர்களின் உரிமைகளும் நலன்களும் ஆகிய மூன்றுக்கும் பழைய ஏகமனதான முறையே தொடரும். வேலைத்தளத்தின் சுகாதாரமும் பாதுகாப்பும் மாத்திரம் வேறொரு பிரிவின் மூலம் பெரும்பான்மை வாக்குக்குள் கொண்டுவரப்பட்டன.

ஒரு குளிர்சாதனப் பெட்டியின் தரத்தை நிர்ணயிப்பதற்குப் பெரும்பான்மை போதும். அதைத் தயாரிக்கும் தொழிலாளியின் உரிமையை நிர்ணயிப்பதற்குச் சகல நாடுகளினதும் சம்மதம் வேண்டும். இதைக் கம்பனிகளின் சதி என்று கூறுவது சரியல்ல. வரிகள் கம்பனிகளும் கேட்ட விடயமே. அரசாங்கங்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. தொழிலாளர் உரிமைகள் பிரசல்ஸுக்குப் போவதை எல்லோரிலும் கடுமையாக எதிர்த்தவர் தாட்சர். ஆனால், அவரது எதிர்ப்பை ஈடுசெய்யக்கூடிய பலத்துடன் மறுபக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. தொழிற்சங்கங்களுக்கும் ஐரோப்பியக் கூட்டமைப்பு ஒன்று 1973 இலிருந்தே இருந்துவந்தது. ஆனால், பிரதமர்களைத் தனித்தனியாகச் சந்தித்து, முதலீட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லும் வசதி அதற்கு இல்லை. தொழிலாளி தனது உழைப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

டெலோர்ஸ் இந்தக் குறையை உணராதவர் அல்ல. சந்தைக்கு ஒரு சமூக முகம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1988 செப்டெம்பரில் போர்ன்மவுத்தில் பிரித்தானியத் தொழிற்சங்க காங்கிரஸில் அவர் நிகழ்த்திய உரை, அதுவரை ஐரோப்பாவைச் சந்தேகத்துடன் நோக்கிய தொழிற்சங்கவாதிகளின் மனதை மாற்றியது. அதே மாதம் தாட்சர் புரூஜில் நிகழ்த்திய உரை அதற்கு நேரெதிர்த் திசையில் அமைந்தது. 1989 இல் தொழிலாளர்களின் சமூக சாசனம் பிரித்தானியா நீங்கலாக ஏனைய 11 நாடுகளாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால், அது சட்டமன்று, ஒரு பிரகடனம். ஒருபுறத்தில் திகதியிட்ட சட்டங்கள். மறுபுறத்தில் நல்லெண்ணப் பிரகடனங்கள். 1993 ஜனவரி முதலாம் திகதி ஒற்றைச் சந்தை பிறந்தபோது தராசின் நிலை இதுவே.

இதன் அர்த்தம் நான்கு வருடங்களில் தெளிவாகியது. 1997 பெப்ரவரி 27 ஆம் திகதி பிரெஞ்சு மோட்டார் வாகனக் கம்பனியான ரெனோ, பிரசல்ஸ் நகரின் அயலில் உள்ள வில்வோர்ட் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 3,100 பேர் வேலையிழந்தனர். அன்றைய பெல்ஜியப் பிரதமர் ஷான் லுக் டெஹான அதே ஊரில் வசித்தவர். அவராலும் எதுவும் செய்ய இயலவில்லை. பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் ரெனோ தொழிலாளர்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். தொழிலாளர்களுடன் உரிய முறையில் கலந்தாலோசிக்கவில்லை என்று நீதிமன்றங்கள் கம்பனியைக் கண்டித்தன. ஆனால், தொழிற்சாலை மூடப்பட்டது மூடப்பட்டதுதான். ஐரோப்பிய ஆணைக்குழுவின் கட்டிடத்திலிருந்து சிறிது தூரத்திலேயே இது நடந்தது.

பத்து வருடங்களின் பின்னர் இன்னொரு சம்பவம். லாவல் என்ற லத்வியக் கம்பனி சுவீடனின் வக்ஸ்ஹோம் நகரில் பாடசாலைக் கட்டிடத்தை நிர்மாணித்தபோது, சுவீடனின் கூட்டு ஒப்பந்தத்தை ஏற்கவேண்டும் என்று கோரித் தொழிற்சங்கங்கள் வேலைத்தளத்தை முற்றுகையிட்டன. 2007 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தொழிற்சங்க நடவடிக்கை சேவைகளின் சுதந்திர நடமாட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வட்டமேசையின் முதல் அழைப்பை விடுத்த வோல்வோ தலைவரின் தாய்நாட்டிலேயே, அந்த நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் பழம்பெரும் உரிமையொன்றைச் சந்தையின் சட்டம் தோற்கடித்தது.

எமது மக்களுக்கும் இந்தக் கதையில் ஓர் இடமுண்டு. உள் எல்லைகள் திறக்கப்பட்ட அதே காலத்தில் வெளி எல்லைகள் இறுகின. அகதி அந்தஸ்துக் கோரும் ஒருவரின் விண்ணப்பத்தை ஒரு நாடு மாத்திரமே விசாரிக்கும் என்று வகுத்த டப்ளின் உடன்படிக்கை 1990 ஜூனில் கைச்சாத்தானது. போருக்குத் தப்பிச்சென்று பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர்களுக்கு அந்த ஊரின் பெயர் மனப்பாடம். பாலாடைக் கட்டிக்கும் மோட்டார் காருக்கும் திறந்த எல்லையில் அகதியின் கைவிரல் அடையாளம் காத்திருந்தது.

வாக்குச்சீட்டின் பதில்

1987 இல் பிலிப்ஸ், ஃபியட் உட்பட்ட பெரிய கம்பனிகள் நாணய ஒன்றியத்துக்கான சங்கம் ஒன்றை அமைத்தன. ஒரே சந்தைக்கு ஒரே நாணயம் என்ற கோரிக்கை மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையாக 1992 பெப்ரவரியில் கைச்சாத்தாகியது. அந்த வருடம் நான் பத்திரிகைத் துறைக்கு வந்த புதிது. வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கம் செய்வது எனது வேலை. கோல், மித்தரான், மேஜர் என்று தலைவர்களின் பெயர்களையே செய்தி நிறுவனங்கள் எமக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஜூன் 2 ஆம் திகதி டென்மார்க் மக்கள் சர்வஜன வாக்கெடுப்பில் 50.7 சதவீதத்தினால் அந்த உடன்படிக்கையை நிராகரித்த செய்தி வந்தபோது ஆசிரியபீடத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். செல்வந்த நாடொன்றின் மக்கள் மேலும் செல்வத்தைத் தரும் என்று சொல்லப்பட்ட உடன்படிக்கையை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? செப்டெம்பரில் பிரான்ஸ் மக்கள் 51 சதவீதத்தினால் மயிரிழையில் அதை அங்கீகரித்தார்கள்.

பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் வாக்குச்சாவடியில் பேசத் தொடங்கியதன் ஆரம்பம் அது. உச்சக்கட்டம் 2016 ஜூன் 23 ஆம் திகதி பிரித்தானியாவில் நிகழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்குமாறு பெரும்பாலான பெரிய கம்பனிகள் மக்களைக் கேட்டன. மக்கள் 52 க்கு 48 என்ற விகிதத்தில் வெளியேறத் தீர்மானித்தனர். சண்டர்லாந்து நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சந்தையின் நுழைவாயிலாகக் கருதி ஜப்பானின் நிசான் கம்பனி 1986 இலிருந்து மோட்டார் கார்களைத் தயாரித்துவரும் ஊர் அது. ஒற்றைச் சந்தையால் நேரடியாகப் பயனடைந்த அந்த நகரின் வாக்காளர்களில் 61 சதவீதமானோர் வெளியேறுவதற்கே வாக்களித்தார்கள். குடியேறிகள் மீதான வெறுப்பு, பத்திரிகைகளின் பொய்ப்பிரசாரம், பழைய ஏகாதிபத்தியப் பெருமிதம் என்று பல காரணங்கள் கூறப்பட்டன. அவையெல்லாம் இருந்தன. ஆனால், தம்மைக் கேளாமல் தமக்காக முடிவெடுக்கிறார்கள் என்ற மனக்குறை அவை அனைத்துக்கும் எரிபொருளாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

வரலாற்றின் எள்ளல் கம்பனிகளையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானியப் போட்டியைச் சமாளிக்கவல்ல ஐரோப்பியப் பெருங்கம்பனிகளை உருவாக்குவதே 1983 இன் கனவு. யிலன்ஹாமர் ரெனோவுடன் வோல்வோவை இணைக்க எடுத்த முயற்சி 1993 டிசெம்பரில் தோல்வியடைந்து அவர் பதவி விலகினார். வோல்வோவின் கார் பிரிவு 1999 இல் அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனிக்கும், 2010 இல் சீனாவின் ஜீலி கம்பனிக்கும் கைமாறியது. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பொதுத் தரம் கேட்ட பிலிப்ஸ் 2012 இல் தனது தொலைக்காட்சி வியாபாரத்தின் பெரும்பங்கை ஆசியக் கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்தது. சந்தை நிலைத்துநிற்கிறது, அதைக் கேட்டவர்களின் தொழிற்சாலைகளுக்குத்தான் நிலைபேறு கிடைக்கவில்லை.

தெற்காசியாவின் பாடம்

சார்க் அமைப்பு டாக்காவில் பிறந்ததும் 1985 டிசெம்பரில்தான். எமது பிராந்தியத்தின் ஒருங்கிணைப்பு நகராமல் போனதற்கு இந்தியா - பாகிஸ்தான் பகைமையே பிரதான காரணம் என்று கூறப்படுகிறது. அது சரியே. ஆனால், இன்னொரு காரணத்தையும் கவனிக்கவேண்டும். ஐரோப்பாவில் எல்லைகளைத் திறக்குமாறு பெருமுதலாளிகள் கேட்டார்கள். இங்கு திறக்கவேண்டாம் என்று வர்த்தகர்களில் ஒரு பகுதியினர் கேட்டார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான விரிவான பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கை 2008 ஓகஸ்டில் கொழும்பு சார்க் உச்சிமாநாட்டை ஒட்டிக் கைச்சாத்தாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இலங்கை வர்த்தகர்களின் எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. இந்தியப் பெருங்கம்பனிகள் தம்மை விழுங்கிவிடும் என்ற அவர்களது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் கூறமாட்டேன். ஆனால், திறப்பதா மூடுவதா என்ற அந்தச் சர்ச்சையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியிடமோ வடக்கின் மீனவரிடமோ எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஐரோப்பாவும் தெற்காசியாவும் ஒத்துப்போகும் இடம் அதுவே.

பிரசல்ஸில் மேசை இன்னமும் போடப்பட்டே இருக்கிறது. 2024 பெப்ரவரியில் அன்ட்வேர்ப்பில் ஒன்றுகூடிய 73 கைத்தொழில் தலைவர்கள் ஐரோப்பாவுக்குப் புதிய கைத்தொழில் உடன்பாடு வேண்டும் என்ற பிரகடனத்தை ஆணைக்குழுவின் தலைவர் ஊர்சுலா வொன் டெர் லேயனிடம் கையளித்தனர். அதே வருடம் என்றிக்கோ லெட்டாவும் மரியோ திராகியும் சமர்ப்பித்த அறிக்கைகள், நிதி, சக்தி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளில் ஒற்றைச் சந்தை இன்னும் பூர்த்தியாகவில்லை என்று சுட்டிக்காட்டின. போட்டித்தன்மை என்ற சொல் மீண்டும் எல்லோர் வாயிலும் ஒலிக்கிறது.

இவற்றில் எமக்கு நேரடியாகச் சம்பந்தமான விடயம் ஒன்று உண்டு. பெரிய கம்பனிகள் தமது விநியோகச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை மனித உரிமைகளுக்கும் சுற்றாடலுக்கும் பொறுப்புக்கூற வேண்டும் என்ற சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நிறைவேற்றியது. ஒரு வருடம் கழிவதற்கு முன்னரே, 2025 பெப்ரவரியில், நிர்வாகச் சுமையைக் குறைத்தல் என்ற பெயரில் அதைத் தளர்த்துவதற்கு ஆணைக்குழு யோசனை முன்வைத்தது. ஏப்ரலில் அதன் நடைமுறைத் திகதி ஒத்திவைக்கப்பட்டது. கட்டுநாயக்கவிலும் கிளிநொச்சியிலும் ஐரோப்பியக் கடைகளுக்கு ஆடை தைக்கின்ற பெண்களுக்கு அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வாசகமும் முக்கியமானது. சட்டத்தைத் தளர்த்தக் கோரியவர்களுக்குப் பிரசல்ஸில் அலுவலகங்கள் இருந்தன. அந்தப் பெண்களுக்கு அங்கு ஒரு கதிரையும் இல்லை.

ஒருங்கிணைப்பு தீயது என்று வாதிடுவது எனது நோக்கம் அல்ல. எல்லையில் காய்ந்துகிடந்த லொறிச் சாரதியின் விடுதலை உண்மையானது. தலைமுறைகளாகப் போரிட்ட பிரான்ஸும் ஜேர்மனியும் இன்று ஒரே நாணயத்தைப் புழங்குவது சாதாரண சாதனையல்ல. கம்பனிகளும் தமது நலனுக்காகப் பேச உரித்துடையவை. ஆனால், பட்டியலை எழுதுகின்ற கை ஒன்றாகவே இருந்தால், அதில் இடம்பெறாதவர்களின் கணக்கு என்றோ ஒருநாள் தீர்க்கப்பட்டே ஆகும். அடுத்த தடவை எமது மேடைகளில் ஐரோப்பாவை உதாரணம் காட்டுபவர்கள் மொனேயின் பெயருடன் டெக்கரின் பெயரையும், 1992 என்ற வருடத்துடன் 2016 என்ற வருடத்தையும் சேர்த்துச் சொன்னால் அந்த உதாரணம் முழுமையடையும்.